குரல் போயிடுமா, தழும்பு தெரியுமா, எப்போ வேலைக்குப் போகலாம்? தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்... முழு கைடு!

"கழுத்த அறுப்பாங்களாமே... அப்பறம் ஏலத்துல நான் எப்டிம்மா கூவறது?"

பெரியம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் கூடை வைத்து விற்பவர். குரல்தான் அவருக்கு முதலீடு. கழுத்தில் இருந்த கட்டி சில வருடங்களாகவே வளர்ந்துகொண்டிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனார். "முழு தைராய்டையும் எடுக்கணும்" என்றதும் குடும்பமே பயந்துபோனது.

குரலைப் பற்றி டாக்டரிடம் நாங்கள் நூறு கேள்வி கேட்டோம். கடைசியில் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் ராத்திரி, பெரியம்மாவின் விரல்கள் மரத்துப்போய், கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்று நினைத்து அலறியடித்து ஆட்டோவில் ஓடினோம். பக்கவாதம் இல்லை, கால்சியம் குறைவு. "வயித்தப் புடிக்குது" என்று மத்தியான கால்சியம் மாத்திரையை அவர் விட்டிருந்தார். கால்சியத்தைப் பற்றி நாங்கள் ஒரே ஒரு கேள்விகூட கேட்டிருக்கவில்லை.

அந்த ஆட்டோ பயணம் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருந்தாலும், யாருக்கும் பொருந்தும்.

தைராய்டு பிரச்னை எல்லோருக்கும் ஆபரேஷனா?

இல்லவே இல்லை. முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பிதான் தைராய்டு. எடை சுமார் 15 - 20 கிராம். இது குறைவாகச் சுரந்தால் (ஹைப்போ தைராய்டு) மாத்திரையே போதும். அதிகமாகச் சுரந்தாலும் (ஹைப்பர் தைராய்டு) முதலில் மாத்திரைதான்.

ஆபரேஷன் பேச்சு வருவது பெரும்பாலும் இந்தச் சூழ்நிலைகளில்தான்:

* கட்டியில் புற்றுநோய் உறுதியானாலோ, பலமான சந்தேகம் இருந்தாலோ.
* கட்டி பெரிதாகி மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்தினால். படுத்தால் மூச்சு முட்டுவது, சாப்பாடு இறங்கச் சிரமப்படுவது இதன் அறிகுறிகள்.
* கட்டி கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கியிருந்தால்.
* ஹைப்பர் தைராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால், அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால்.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். தைராய்டு கட்டிகளில் 100-க்கு 90-க்கும் மேல் சாதாரணக் கட்டிகள்தான். புற்றுநோயாகவே இருந்தாலும், அதிகம் வரும் 'பாப்பில்லரி' வகை, சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகக் கூடியது.

"நாங்க தினமும் கடல் மீன் சாப்பிடுறவங்க... எங்களுக்கு எப்படி?"

கடற்கரையோர வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி இது. அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வரும் என்பது உண்மை. அதைத் தடுக்கத்தான் 1962-ல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்கும் பழக்கம் வந்தது. கடல் மீனில் அயோடின் இருப்பதும் உண்மை. ஆனால், தைராய்டு கட்டிக்கு அயோடின் குறைவு மட்டுமே காரணம் இல்லை. பரம்பரை, நம் உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது, சிறு வயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சு, வயது என்று பல காரணங்கள் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் தைராய்டு கோளாறுகள் பல மடங்கு அதிகம். எனவே, "மீன் சாப்பிடுறோம், நமக்கு வராது" என்று கட்டியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே போகலாம்... செலவுக்கு என்ன வழி?

வடசென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒன்று, பழைய ஆட்கள் இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லி. இன்னொன்று, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, நம்ம ஜி.ஹெச். அங்கே, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. திருவொற்றியூர், விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். எண்ணூர், கத்திவாக்கம் ஆட்களுக்கு கும்மிடிப்பூண்டி மார்க்கத்து லோக்கல் ரயில் இருக்கிறது.

தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் இது. தைராய்டு அறுவை சிகிச்சைகளும் பட்டியலில் உண்டு. உங்கள் நோய்க்கும் அந்த மருத்துவமனைக்கும் பொருந்துமா என்பதை, சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு அது ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபரேஷன் தேதிக்கு முதல் நாள் ஓடாதீர்கள், சில வாரங்கள் முன்பே முடித்துவிடுங்கள்.

ஃபேக்டரி வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ-யை மறந்துவிட வேண்டாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சந்தா பிடித்தம் இருந்தால் உங்களோடு குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. போதிய நாள்கள் சந்தா கட்டிய தொழிலாளிக்கு, லீவில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள்கள் வரை நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ டாக்டரின் சான்றிதழ் கட்டாயம். கான்ட்ராக்ட் வேலை என்றாலும் பிடித்தம் இருந்தால் இந்த உரிமை உண்டு.

தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

மீனவக் குடும்பங்களில் கல்யாணம், வீட்டு வேலை, ஆபரேஷன் எல்லாமே மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். பெரியம்மாவும் "தடைக்காலம் வரட்டும்" என்றுதான் சொன்னார். இது தப்பில்லை. ஆனால், முடிவு எடுக்க வேண்டியது கட்டியின் தன்மையைப் பார்த்துத்தான், காலண்டரைப் பார்த்து இல்லை.

ஊசி டெஸ்ட்டில் சாதாரணக் கட்டி என்று வந்து, மூச்சுத் தொந்தரவும் இல்லையென்றால் வசதியான தேதியைக் குறிக்கலாம். புற்றுநோய் என்று வந்தால், "எத்தனை வாரம் தள்ளினால் பாதகமில்லை?" என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். கட்டி திடீரென வேகமாக வளர்ந்தாலோ, குரல் கரகரத்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ ஒரு நாள்கூட காத்திருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன டெஸ்ட்?

* ரத்தப் பரிசோதனை: டி.எஸ்.ஹெச், டி4, கால்சியம், சர்க்கரை, ரத்த அளவு. வைட்டமின் டி-யும் பார்த்துவிட்டால் நல்லது. அது ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் இறங்கும் வாய்ப்பு அதிகம்.
* கழுத்து அல்ட்ராசவுண்ட்: கட்டியின் அளவு, தன்மை, பக்கத்து நெறிக்கட்டிகளின் நிலை தெரியும்.
* எஃப்.என்.ஏ.சி எனும் ஊசி டெஸ்ட்: மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது. "ஊசி குத்தினா கட்டி பரவிடும்" என்ற பயம் தேவையில்லை. ஆபரேஷன் வேண்டுமா, எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதையே இந்த ரிப்போர்ட்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.
* குரல்நாண் பரிசோதனை: சிறிய கேமரா குழாயால் குரல்நாண்கள் இரண்டும் சரியாக அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பக்கம் வேலை செய்யாமல் இருந்தால், அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.
* மயக்க மருந்துக்கான பரிசோதனை: இ.சி.ஜி, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எக்கோ. ஆஸ்துமா, குறட்டை, பல் ஆட்டம், முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தூசியிலும் புகையிலும் வேலை செய்து, நாள்பட்ட இருமல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் இருமல் சகஜம் என்று நாமே விட்டுவிடுவோம். ஆனால், அனஸ்தீசியா டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

ஹைப்பர் தைராய்டு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஹார்மோன் அளவு கட்டுக்குள் வந்த பிறகுதான் ஆபரேஷன். இல்லையென்றால், இதயம் தறிகெட்டு ஓடும் 'தைராய்டு புயல்' என்ற ஆபத்தான நிலை வரலாம். அதனால் கார்பிமசோல், படபடப்பைக் குறைக்கும் மாத்திரைகள், சிலருக்குக் கடைசி ஒரு வாரம், 10 நாள்கள் அயோடின் சொட்டு மருந்து ஆகியவற்றைக் கொடுப்பார்கள். ஒரு வேளைகூட விடக் கூடாது.

எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை சர்ஜனும் இதய டாக்டரும் சேர்ந்து சொல்வார்கள். சர்க்கரை, பி.பி மாத்திரைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் சளி, இருமல் குறையும், காயமும் சீக்கிரம் ஆறும். ஆபரேஷன் முடிந்த அன்று இருமினால் கழுத்துத் தையல் எப்படி இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நிறுத்திவிடுவீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள் இந்த 7 கேள்விகளை!

1. எனக்குப் பாதி தைராய்டா, முழுதுமா? ஏன்?
2. நீங்கள் அடிக்கடி இந்த ஆபரேஷன் செய்பவரா?
3. குரல் நரம்புக்கு என்ன ரிஸ்க்? என் வேலைக்குக் குரல் முக்கியம்.
4. கால்சியம் குறையுமா? குறைந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?
5. வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டியிருக்குமா?
6. பயாப்ஸி ரிப்போர்ட் எப்போது வரும்? யார் விளக்குவார்கள்?
7. ராத்திரி 2 மணிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும்?

மூன்றாவது கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டோம் நாங்கள். நான்காவதையும் ஏழாவதையும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

பல பெண்கள் வெளியில் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கும் விஷயம் இது. ஆமாம், கழற்ற வேண்டும். ஆபரேஷன் செய்யும் இடமே கழுத்து. அதோடு, ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் மின் கருவியால் உடலில் உள்ள உலோகம் சுட்டுவிடலாம். முந்தின நாளே வீட்டில், நீங்கள் நம்பும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், தியேட்டர் வாசலில் கண் கலங்க வேண்டியிருக்காது. பெரியம்மா சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு வந்தார். மூக்குத்தி, தோடு, மெட்டி, நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

பையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பழைய ரிப்போர்ட்கள், ஸ்கேன் படங்கள், காப்பீட்டு அட்டை, ஆதார், சாப்பிடும் மாத்திரைகள், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை அல்லது நைட்டி (தலை வழியாக மாட்டும் உடை முதல் சில நாள் சிரமம்), ஸ்ட்ரா, சின்னத் தலையணை.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்?

ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. பிரியாணி போல எண்ணெய், கறி உள்ள சாப்பாடு என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீரை எதுவரை குடிக்கலாம் என்பதை அனஸ்தீசியா டாக்டர் சொல்வார். பாலும் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது.

முழு மயக்கத்தில்தான் ஆபரேஷன். கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து வைத்து, முன்கழுத்தின் கீழ்ப்பகுதியில் தோல் மடிப்பை ஒட்டியே சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுவார்கள். ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். கட்டி பெரிது என்றால் இன்னும் கூடும். உள்ளே தேங்கும் ரத்தம் வெளியேற சிலருக்கு டியூப் வைப்பார்கள், ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

பயமாக இருக்கிறதா? ஒரு தகவல். 19-ம் நூற்றாண்டின் நடுவில் தைராய்டு ஆபரேஷன் என்றால் டாக்டர்களே நடுங்குவார்கள், அவ்வளவு பேர் ரத்தப்போக்கில் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து சர்ஜன் தியோடர் கோச்சர் நிதானமாக, ரத்தம் சிந்தாமல் செய்யும் முறையைக் கொண்டுவந்து அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று இது பாதுகாப்பான ஆபரேஷன்களில் ஒன்று.

முதல் 24 மணி நேரம்: கழுத்தைக் கவனியுங்கள்

கண் விழித்ததும் தொண்டை வலிக்கும். மூச்சுக்காகக் குழாய் போட்டதன் விளைவு, சில நாளில் போய்விடும். கழுத்தைச் சாய்த்து வைத்திருந்ததால் பின்கழுத்தும் தோளும் வலிக்கும். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். பலர் ஒன்று முதல் மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கழுத்து வேகமாக வீங்குவது, இறுக்கமாக இருப்பது, மூச்சு முட்டுவது. உள்ளே ரத்தம் கட்டுவதன் அறிகுறி இது. 100-ல் ஓரிருவருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் நாளுக்குள். வார்டில் இருந்தால் உடனே நர்ஸைக் கத்திக் கூப்பிடுங்கள், "தொந்தரவு பண்றோமோ" என்று தயங்க வேண்டாம். வீட்டில் இருந்தால் 108.

இரண்டாவது, மூன்றாவது நாள்: கால்சியம்

எங்கள் குடும்பம் கோட்டைவிட்ட இடம் இதுதான். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாரா தைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருக்கின்றன. முழு தைராய்டையும் எடுக்கும்போது இவற்றைக் காப்பாற்றி விட்டுவைத்தாலும், ரத்த ஓட்டம் குறைந்து கொஞ்ச நாள் சோர்ந்துபோகலாம். அப்போது கால்சியம் இறங்கும். பாதி தைராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தப் பிரச்னை அபூர்வம்.

அறிகுறிகள் வரும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல, பிறகு கை, கால் தசைப்பிடிப்பு, கை இழுத்துக்கொள்வது. உதடு மரத்துப்போகும்போதே டாக்டருக்கு போன் செய்தால், கை இழுக்கும் வரை போகாது. தசைப்பிடிப்பு வந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான், அங்கே நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றுவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் நிரந்தரமாகக் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் தேவைப்படலாம். மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். "அது சும்மா சத்து மாத்திரைதானே" என்று நினைத்தார் பெரியம்மா. அது சத்து மாத்திரை இல்லை, மருந்து.

குரல்... உண்மையில் என்ன ஆகும்?

குரல்நாண்களை அசைக்கும் நரம்புகள் தைராய்டை உரசிக்கொண்டுதான் போகின்றன. ஆபரேஷனில் அவை இழுபட்டால் குரல் கம்மும், கரகரக்கும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். அனுபவமுள்ள சர்ஜன்களின் கையில் நிரந்தரப் பாதிப்பு 100-ல் ஓரிருவருக்குத்தான்.

இன்னொரு சின்ன நரம்பு இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் சாதாரணப் பேச்சு நன்றாக இருக்கும், ஆனால் உச்சஸ்தாயியில் கத்த முடியாது, சீக்கிரம் தொண்டை களைக்கும். வீட்டில் இருப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். ஏலம் கூவுபவர், டீச்சர், பாடுபவர், இரைச்சலான ஃபேக்டரியில் கத்திப் பேசும் சூப்பர்வைசர் ஆகியோருக்கு உடனே தெரியும். அதனால் உங்கள் வேலை என்ன என்பதை சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்வது முக்கியம்.

முதல் இரண்டு வாரம் சாதாரணமாகப் பேசலாம், கத்த வேண்டாம். கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, கரகரப்பு சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். குரல் பயிற்சி நல்ல பலன் தரும்.

என்ன சாப்பிடலாம்... மீன் கூடாதா?

முதல் நாள் கஞ்சி, ஜூஸ், இட்லி. தொண்டை வலி குறையக் குறைய வழக்கமான சாப்பாடு. "மீன் சாப்பிட்டா தையல் சீழ் புடிக்கும்" என்று பத்தியம் போடுவார்கள். உண்மையில் காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம், முள் இல்லாததாகப் பாருங்கள், அவ்வளவுதான். முட்டைக்கோஸ், காலிஃப்ளவரையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. நெத்திலி, கேழ்வரகு, பால், மோர் கால்சியத்துக்கு நல்லது. ஆனால், மாத்திரைக்கு மாற்று இல்லை.

தைராய்டு மாத்திரை: டைம் டேபிள் முக்கியம்

முழு தைராய்டை எடுத்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தினமும் தைராக்ஸின் வேண்டும். பாதி எடுத்தவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது, டெஸ்ட் பார்த்து முடிவு செய்வார்கள்.

* காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, காபி, டிபன்.
* கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. காலை 5 மணிக்குத் தைராக்ஸின், 10 மணிக்கு மேல் கால்சியம் என்று பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.
* ராத்திரி 2 மணிக்கே எழுந்து மார்க்கெட் போய், கண் விழித்ததும் டீ குடிப்பவரா? ஷிப்ட் மாறி மாறி வேலையா? சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் நல்ல வழிதான். முக்கியம், தினமும் ஒரே மாதிரி எடுப்பது.
* டி.எஸ்.ஹெச் டெஸ்ட் 6 - 8 வாரத்தில். அதற்கு முன் "இன்னும் டயர்டா இருக்கு" என்று நீங்களாக அளவை ஏற்றாதீர்கள்.
* கடல் காற்று, ஈரப்பதம் உள்ள வீடுகளில் பாட்டிலை நன்றாக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். கேஸ் அடுப்புக்கு மேல் ஷெல்ஃப் வேண்டாம்.
* கர்ப்பம் உறுதியானால் உடனே டாக்டரைப் பாருங்கள். அப்போது மாத்திரை அளவு கூட்ட வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இது அவசியம்.

அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

தழும்பு மறையுமா?

கழுத்து மடிப்பிலேயே கீறுவதால், ஆறு மாதம், ஒரு வருடத்தில் மெல்லிய கோடாக மங்கிவிடும். எப்போது குளிக்கலாம் என்பது தையல் போட்ட விதத்தைப் பொறுத்தது. பலருக்கு இரண்டு நாளில் அனுமதி கிடைக்கும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதையும் புதுக் காயத்தில் தடவ வேண்டாம். காயம் முழுதாக ஆறிய பிறகு சிலிகான் ஜெல் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். வெயிலில் நிற்கும் வேலை என்றால் ஒரு வருடமாவது அந்த இடத்தைக் காட்டன் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுத்துவிடும். காதுகுத்திய இடம், பழைய காயம் தடித்து வளரும் உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எப்போ வேலைக்குப் போகலாம்?

* உட்கார்ந்து செய்யும் வேலை: ஒன்று, இரண்டு வாரம்.
* டூ வீலர்: வலி இல்லாமல் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்ப முடிந்த பிறகு. எண்ணூர் ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாதிக் கழுத்தோடு ஓட்டக் கூடாது.
* சுமை தூக்கும் வேலை, துறைமுக வேலை, தலைக்கூடை: மூன்று, நான்கு வாரம். வீட்டு வேலையும் இதில் சேர்த்திதான். நிறைந்த தண்ணீர்க் குடம் 12, 15 கிலோ இருக்கும். லாரித் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை முதல் மூன்று வாரம் வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.
* உயரத்தில் ஏறும் வேலை, பெரிய இயந்திரம் இயக்குவது: தலைசுற்றல், மரத்துப்போதல் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு.

பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்க மறக்காதீர்கள்

எடுத்த கட்டியைப் பரிசோதித்து ஒன்றிரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வரும். தையல் பிரித்ததோடு கதை முடிந்தது என்று பலர் அதை வாங்கப் போவதே இல்லை. ஊசி டெஸ்ட்டில் தெரியாத விஷயம்கூட இதில் தெரியலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

புற்றுநோய் என்று வந்தால், சிலருக்கு ரேடியோ அயோடின் சிகிச்சை தேவைப்படும். அதற்கு முன் ஒன்று, இரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சாப்பிட வேண்டும். காசிமேட்டு வீடுகளுக்குக் கஷ்டமான கட்டம் இதுதான்: கடல் மீன், நண்டு, இறால், கருவாடு எதுவும் கூடாது. அயோடின் உப்பு, பால், முட்டை மஞ்சள் கரு, கடை நொறுக்குத்தீனி, ஊறுகாயும் கூடாது. எந்த உப்பு என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள். சாதம், காய்கறி, பழம், பருப்பு சாப்பிடலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது, தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில நாள் குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும். ஒற்றை அறை வீடு என்றால் அதை டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், வழி சொல்வார்கள்.

இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி!

கழுத்து வேகமாக வீங்குவது, மூச்சு முட்டுவது, மூச்சில் விசில் சத்தம், கை, கால் இழுப்பது, காய்ச்சலோடு காயத்தில் சிவப்போ சீழோ. அவசரத்துக்கு 108. சந்தேகம் கேட்க 104.

பெரியம்மா நான்காவது வாரத்தில் காசிமேட்டுக்குப் போனார். முதல் நாள் வேடிக்கை மட்டும்தான் என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினோம். திரும்பி வந்தவரிடம், "கூவினீங்களா பெரியம்மா?" என்றேன்.

"நான் எங்கம்மா கூவினேன்... வஞ்சிரத்துக்கு அநியாய வெல சொன்னான். ரெண்டு வார்த்த கேட்டேன், அவ்ளோதான்!"

அந்த ரெண்டு வார்த்தை துறைமுகத்தின் மறுகோடி வரை கேட்டதாக, கூடப் போன அண்ணன் சொன்னார். கால்சியம் மாத்திரை டப்பா இப்போது சுருக்குப் பையிலேயே இருக்கிறது.